ரோமெக்கின் எலும்புகள்

ஏப்ரல் மாதத்து முதல் ஆட்டத்தில், முதல் வளைவிலேயே ரோமெக் வண்டியோடு வேலியில் போய் மோதியபோது, மேல்வரிசையில் உட்கார்ந்திருந்த ரொட்டிக்கடைக்காரர் தெயோஃபிலின் காறை எலும்பு உடைந்தது. அவர் மடியிலிருந்த சூரியகாந்தி விதைப் பொட்டலம் படிகளில் கொட்டியது. ரோமெக் எழுந்தான், தோல் உடுப்பில் ஒட்டிய சரளையைத் தட்டிவிட்டான், வளைந்துபோன வண்டியைத் தள்ளிக்கொண்டு கொட்டகைக்கு நடந்தான். மைதான மருத்துவர் அவனைப் படுக்கவைத்துத் தோளை அழுத்திப் பார்த்து, எதுவும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், மேலே தெயோஃபில் அலறிக்கொண்டிருந்தார். மருத்துவமனையில் கட்டுப்போட்ட தாதி, எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டாள். "நான் எங்கேம்மா விழுந்தேன்? ரோமெக் விழுந்தான்" என்றார் அவர். ஏதாவது எழுதியாக வேண்டுமே என்று அவள் படிக்கட்டு என்று எழுதிக்கொண்டாள்.

ருத்னீட்சாவில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போலந்தின் மேற்கே இருக்கும் அந்த ஊரில் ஞாயிறென்றால் காலையில் தேவாலயம், மதியம் கோழி சூப், அப்புறம் ஸ்பீட்வே என்ற மோட்டார் சைக்கிள் பந்தயம். பிரேக் இல்லாத வண்டியில் இடப்பக்கமே திரும்பித் திரும்பி நான்கு சுற்று. உள்ளூர் அணிக்கு இருவர், வெளியூர் அணிக்கு இருவர். ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும், ஆட்டத்துக்குப் பதினைந்து தடவை நடக்கும். எலும்பு உடைவது அங்கே தும்மலைப் போல. யாருடையது உடைகிறது என்பது மட்டும்தான் அந்த ஆண்டு மாறியது. மே மாதத்துக்குள் தபால்காரரின் கணுக்காலும் ஒரு பள்ளி ஆசிரியையின் இரண்டு விரல்களும் போயின. வெளியூர் ஆட்டமொன்றை வானொலியில் கேட்டபடி உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த ஒரு விதவைக்கு அடுப்படியிலேயே மூக்கு உடைந்து, சூப்பில் ரத்தம் சொட்டியது. எலும்புப் பிரிவில் அடுத்தடுத்த கட்டில்களில் கிடந்தவர்கள் பேசிப்பேசித்தான் விதியைக் கண்டுபிடித்தார்கள்: ரோமெக் விழும் அந்த நொடியில் அவன் பெயரை யார் எல்லோரையும்விட உரக்கக் கத்துகிறாரோ அவருக்கு உடையும். அவனுக்கு எது உடைந்திருக்க வேண்டுமோ, அதே எலும்பு, அதே இடத்தில்.

இது தெரிந்த பிறகு மைதானம் அமைதியாகிவிடும் என்று கிளப் தலைவர் எதிர்பார்த்தார். நடந்தது நேர்மாறு. ஜூன் மாதம் மேல்வரிசையில் இடம் பிடிக்க அடிதடி நடந்தது. ஒருவர் வாயில் ஒருவர் கழுத்துத்துணியைத் திணித்தார்கள். ஒரு கொல்லன் தன்னைவிடச் சத்தமாகக் கத்திய மைத்துனனின் பல்லை முழங்கையால் தட்டினான், அந்தப் பல் ரோமெக்கின் கணக்கில் சேராது என்று இருவரும் பிறகு ஒப்புக்கொண்டார்கள். கையில் கட்டு இல்லாமல் கசாப்புக் கடைக்குப் போகவே ஆண்கள் கூசினார்கள். சிலர் சும்மாவே கட்டுப் போட்டுக்கொண்டு திரிந்ததாகவும் சொல்கிறார்கள். எத்தனை பேர் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ரோமெக்குக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் அவன் வளைவு வந்தாலே கைப்பிடியைத் தளர்த்துகிறவன், நான்கு பேரில் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வருகிறவன். அந்தப் பயம் தெயோஃபிலின் காறை எலும்போடு போய்விட்டது. வேலிக்கும் எதிராளிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தால் அதில் முன்சக்கரத்தைச் செருகினான். இடைவெளி இல்லாவிட்டால் எதிராளியை இடித்து உண்டாக்கினான். அவன் இடித்து விழவைத்தவர்களுக்காக ருத்னீட்சாவில் யாரும் கத்தவில்லை, அதனால் அவர்களுடைய எலும்புகள் அவர்களுக்கே உடைந்தன. வடக்கேயிருந்து வந்த ஓர் இளைஞனுக்கு மண்ணீரலை எடுத்தார்கள். இன்னொருவனின் தொடை எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்ததைப் பார்த்துவிட்டும் கூட்டம் பாட்டை நிறுத்தவில்லை. லிப்னீக் என்ற பக்கத்து ஊரில் ஆட்டம் முடிந்து திரும்பிய ருத்னீட்சா பேருந்துகளின் கண்ணாடிகளைச் செங்கற்கள் உடைத்தன. அடுத்த வாரம் லிப்னீக் பேருந்து ஒன்று ருத்னீட்சாவின் குளத்தில் கிடந்தது. முதல்நிலை லீக்கிலிருந்து கீழே இறங்கிவிடும் என்று எல்லோரும் எழுதிவைத்திருந்த ருத்னீட்சா அணி ஆகஸ்டில் இரண்டாவது இடத்துக்கு ஏறியது.

ரோமெக்கின் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டவர் லுத்விக். மெக்கானிக் வேலையில் இருபத்திரண்டு ஆண்டுகள். கையைக் கழுவினாலும் இயந்திரத்துக்கு ஊற்றும் ஆமணக்கெண்ணெயின் வாடை போகாது. மனைவி ஜெர்மனியில் வேறொருவரோடு இருந்தாள். வீட்டில் அவரும் மகள் கலீனாவும்தான். கலீனாவுக்குப் பத்தொன்பது வயது, சாசேஜ் கடையில் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டாம் வளைவு மேடையில் பெரிய முரசை அடித்துக் கூட்டத்தைக் கத்தவைப்பது அவள்தான். ருத்னீட்சாவில் அவளைவிடப் பெரிய குரல் யாருக்கும் இல்லை. ஜூலையில் அவளுக்கு மணிக்கட்டு போனது. ஆகஸ்டில் மூன்று விலா எலும்புகள். அதன் பிறகு மற்றவர்கள் எவ்வளவு முட்டிமோதினாலும் வேறு யாருக்கும் எதுவும் உடையவில்லை. எல்லாம் அவளுக்கே வந்தது. ரோமெக் விழும் விதமும் மோசமாகிக்கொண்டே போனது. முன்பெல்லாம் சறுக்கி விழுவான், இப்போது தலைகுப்புறப் பறந்து விழுந்தான். மருத்துவர் லுத்விக்கைத் தனியாகக் கூப்பிட்டு, அடுத்தது கழுத்து, அதைக் கட்டுப்போட்டுச் சரிசெய்ய முடியுமா என்று தெரியாது என்றார்.

"அப்பா, முதுகுல கொஞ்சம் சொறிஞ்சு விடேன், கட்டுக்குள்ள அரிச்சுக் கொல்லுது" என்றாள் கலீனா.

லுத்விக் ஸ்பானரின் பின்பக்கத்தை உள்ளே விட்டுச் சொறிந்தார். "அடுத்தது கழுத்தாம்டீ."

"இருக்கட்டுமே. இந்தக் கழுத்தை வெச்சுக்கிட்டு என்னத்தைப் பண்றேன்? குனிஞ்சு தராசைப் பாக்கறேன், நிமிந்து கிழவிங்க மூஞ்சியைப் பாக்கறேன்."

"ஆட்டத்துக்கு வா. முரசு அடி. கத்த மட்டும் கத்தாதே."

"கத்தாம ஸ்பீட்வே பாக்க நான் என்ன லிப்னீக்காரியா? இன்னும் கொஞ்சம் கீழே, அங்கேதான்."

"செத்துப்போயிடுவே."

"நீ செய்யற வண்டியிலதானே அவன் பறக்கறான்? அப்போ உன் கை எங்கே போச்சு?" என்று கேட்டுவிட்டு அவள் சிரித்தாள். சிரித்ததில் விலா வலித்துக் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னாள்.

லுத்விக் ரோமெக்கிடம் போனார். அவன் கொட்டகை வாசலில் உட்கார்ந்து இடதுகால் பூட்ஸின் இரும்புத் தகட்டை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"நான் யாரையாச்சும் கத்தச் சொன்னேனாண்ணே?" என்றான்.

"கத்துறதை நிறுத்த முடியலை. நீ விழாம ஓட்டேன்டா."

"விழாம ஓட்டினா நாலாவதா வருவேன். பத்து வருஷம் அப்படித்தானே வந்தேன்? என் தொடையில இன்னும் ரெண்டு கம்பி கிடக்கு, அப்ப எவனாவது ஒரு பூ குடுத்தானா?" கொஞ்ச நேரம் தேய்த்தான். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னான்: "உங்க பொண்ணு குரல் இருக்கே, அது கேட்டா எனக்கு வேலியே தெரியறதில்லைண்ணே."

கடைசி ஆட்டம் செப்டம்பரில், லிப்னீக்கை எதிர்த்து, சொந்த மைதானத்தில். ஜெயித்தால் நாட்டின் முதல் அணி. அதற்கு முந்தின சனிக்கிழமை மதியம் லுத்விக் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு இயந்திரத்தைக் கெடுக்க உட்கார்ந்தார். எரிபொருள் வரும் துளையை ஒரு மயிரிழை அடைத்தால் போதும், ரோமெக் வளைவுக்கு வருவதற்குள் வேகம் செத்துவிடும், விழுந்தாலும் தவழ்ந்து விழுவான். அடைத்தார். பிறகு அடைத்ததன் ஓரத்தில் ஒரு பிசிறு தெரிந்தது, அதை நீக்கினார். நீக்கிய இடத்தை மெருகேற்றினார். அவருடைய கைகளுக்கு ஒரு இயந்திரத்தை மோசமாக்கத் தெரியவில்லை. சாயங்காலம் மூடியை முறுக்கிப் பூட்டியபோது, அதுவரை அவர் செய்ததிலேயே வேகமான இயந்திரம் அவர் முன்னால் இருந்தது.

ருத்னீட்சாவின் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. வண்டி ஓட்டுகிறவன் தொடக்கக் கோட்டில் கட்டிய நாடாவுக்குப் போன பிறகு, அவன் வண்டியைத் தொட்ட யாரும் அவன் பெயரைச் சொல்லக் கூடாது. சொன்னால் வேலிக்குக் கேட்டுவிடும் என்பார்கள். மெக்கானிக்குகள் கைகட்டி, பல்லைக் கடித்து நின்று பார்ப்பார்கள். லுத்விக் இருபத்திரண்டு ஆண்டுகளாக அப்படித்தான் நின்றார். வெற்றிக்கும் கத்தியதில்லை, சாவுக்கும் கத்தியதில்லை.

பதினான்கு ஓட்டங்கள் முடிந்தபோது இரண்டு அணிகளும் சமம். கடைசி ஓட்டத்தில் ரோமெக்கின் கூட்டாளியின் வண்டி நாடாவிலேயே அணைந்துபோனது. ரோமெக் சிவப்புத் தலைக்கவசத்தில் தனியாக, எதிரே லிப்னீக் அணியின் இருவர். முன்னால் போனவன் அக்செல் என்ற டேனிஷ்காரன், வெள்ளைத் தலைக்கவசம். இரண்டாம் சுற்றில் ரோமெக் மஞ்சள் கவசத்துக்காரனைத் தோளால் இடித்துப் புல்தரைக்கு அனுப்பினான்; அவன் உருண்டு எழுந்து ஓரமாக ஓடிவிட்டதால் ஓட்டத்தை நிறுத்தும் கொடி விழவில்லை. மூன்றாம் சுற்றில் அக்செலின் பின்சக்கரம் அடித்த சரளை ரோமெக்கின் பாதுகாப்புக் கண்ணாடியை உடைத்தது. நான்காம் சுற்றின் கடைசி வளைவில் அவன் உள்பக்கத்தை விட்டு வெளியே, வேலியை ஒட்டித் திருப்பினான். அங்கே இடைவெளியே இல்லை. மேடையில் கலீனா முரசைக் கீழே போட்டுவிட்டு, உடைந்த விலாவைக் கையால் அமுக்கிக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சை இழுப்பதை லுத்விக் பார்த்தார்.

அவர் கத்தினார். "ரோமெக்!" என்ற ஒரே சொல்தான், ஆனால் இருபத்திரண்டு ஆண்டுகளில் கத்தாமல் வைத்திருந்தது அத்தனையும் அதன் பின்னாலேயே வந்தது. கொட்டகையின் தகரக்கூரை ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டு எழும்பியது. பக்கத்தில் நின்ற மெக்கானிக்குகளின் காதிலிருந்து ரத்தம் வந்தது. கலீனாவின் குரல் அதற்குள் ஒரு கொசுவைப் போலக் காணாமல் போனது. ரோமெக் ஒரு சக்கர அளவில் முதலாவதாகக் கோட்டைத் தாண்டினான். தாண்டிய அடுத்த நொடி அவன் கைப்பிடியும் அக்செலின் கைப்பிடியும் கொக்கி போட்டுக்கொண்டன. நிறுத்த பிரேக் கிடையாது. அக்செல் வண்டிக்கு அடியில் போய் இடுப்பு நொறுங்கினான். ரோமெக் தலை முன்னாலாகப் பறந்து வேலிப் பலகைகளை உடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் விழுந்தான். தலைக்கவசம் இரண்டாகப் பிளந்தது. கழுத்து முறியும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. மைதானத்தில் இருந்த ஒவ்வொருவரும் கையை எடுத்துத் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். ரோமெக் பலகைகளுக்கு நடுவேயிருந்து எழுந்து வந்தான். கொட்டகையில் லுத்விக் முகம் குப்புற எண்ணெயில் கிடந்தார், சத்தம் இன்னும் நின்றிருக்கவில்லை.

ருத்னீட்சா கோப்பையை வென்றது. லுத்விக் சாகவில்லை; தலையைச் சுற்றி இரும்பு வளையம் போட்டுக் குளிர்காலம் முழுக்கப் படுத்திருந்தார். கலீனா ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. பேசியபோது, "அது என்னோடது. திருடிட்டே" என்றாள். அவர் பீட்ரூட் சூப் ஆறிப்போகிறது, ஊட்டு என்றார். ஊட்டினாள்.

அந்தச் சத்தம் மைதானத்தை விட்டுப் போகவில்லை. மறு ஏப்ரலில் கதவைத் திறந்தபோது மூன்றாம் வளைவுக்கு மேலே அப்படியே இருந்தது. வண்டிகள் கிளம்பியதும் அதுவும் தொடங்குகிறது, பதினைந்தாம் ஓட்டம் முடிந்ததும் அடங்குகிறது. வெளியூர் அணிகள் முறையிட்டன. லீக்கிலிருந்து இரண்டு பேர் வந்து கேட்டுவிட்டு, விதிகளில் இதற்கு எதிராக எதுவும் இல்லை என்று சொல்லிப் போனார்கள். யாரும் அதைவிட உரக்கக் கத்த முடியாது என்பதால் ரோமெக் விழும்போதெல்லாம் லுத்விக்குக்குத்தான் உடைகிறது. ஓட்டம் தொடங்குமுன் அவர் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்துகொள்கிறார். இந்த ஆண்டு இதுவரை வலது முழங்கை, இரண்டு கால்விரல்கள். ஊரில் மற்றவர்கள் முழு எலும்புகளோடு, கொஞ்சம் சலிப்போடு, சூரியகாந்தி விதை மெல்கிறார்கள்.

கலீனா மட்டும் விடவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் மேடையின் உச்சிக்கு ஏறி, கழுத்து நரம்பு புடைக்க, அந்தச் சத்தத்தைத் தாண்டிக் கத்தப் பார்க்கிறாள். போன வாரம் கொஞ்சம் நெருங்கிவிட்டதாகச் சிலர் சொல்கிறார்கள். லுத்விக் சனிக்கிழமை சாயங்காலமானால் அவளைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போய், தொண்டை கட்டிக்கொள்ளட்டும் என்று, நல்ல குளிர்ந்த ஐஸ்கிரீமாக மூன்று கரண்டி வாங்கித் தருகிறார். எதற்கென்று அவளுக்குத் தெரியும். வேண்டாம் என்று அவள் சொல்வதில்லை.