ஐந்தாவது பெட்டியில் வந்த முகம்

அச்சு வெட்டுபவரின் இடது காது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு முழுதாக அழிந்துபோனது. வலி இல்லை, ரத்தம் இல்லை. அன்று பேருந்துகள் நேரத்துக்கு ஓடின; வெயிலும் சுமாராகத்தான் இருந்தது. மனைவி வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அந்த இடத்தைத் தடவிப் பார்த்து, "இதுவும் போச்சா" என்று மட்டும் கேட்டாள். ஏனென்றால் அதற்கு முன்பே அவருடைய மூக்கின் நுனியும், உதட்டின் மேல் கோடும், ஒன்றரைப் புருவமும் போயிருந்தன.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் அவர் ஒரு கம்பெனியில் பிளாஸ்டிக் விமானங்களுக்கு எஃகில் அச்சு வெட்டிக்கொண்டிருந்தார். பொம்மை என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். நிஜ விமானத்தை நாற்பத்தெட்டில் ஒரு பங்காகச் சுருக்கி, இறக்கை தனி, வால் தனி என்று துண்டு துண்டாக ஒரு சட்டத்தில் ஒட்டியபடி பெட்டியில் போட்டு விற்பார்கள். வாங்கியவர் கிள்ளி எடுத்து ஒட்டி வண்ணம் பூசிக்கொள்ள வேண்டும். ஒரு நீர்விமானத்தின் வரைபடத்தில் விமானியின் தலை வர வேண்டிய இடத்தில் வெறும் வட்டம் போட்டிருந்தது. இவர் சவரக் கண்ணாடியை மேஜையில் சாய்த்து வைத்து, தன் முகத்தையே கொத்தமல்லி விதை அளவுக்கு எஃகில் வெட்டிவிட்டார். மேலதிகாரி கவனிக்கவில்லை. மனைவியிடம் மட்டும் சொன்னார். "இருக்கிற ஒரு மூஞ்சியைப் பார்க்கிறதே எனக்குப் போதும்" என்றாள் அவள்.

எஃகாக இருந்தாலும் அச்சு தேயும். லட்சம் தடவை பிளாஸ்டிக்கை உருக்கி உள்ளே அடித்தால் கோடுகள் மழுங்கும், விளிம்புகளில் பிசிறு கட்டும். கம்பெனி மூடியபோது அந்த அச்சை யாரோ வாங்கிப்போனார்கள். அவர்கள் இன்னொருவருக்கு விற்றார்கள். பெட்டியின் படம் மாறியது, பெயர் மாறியது, பிளாஸ்டிக்கின் நிறம் சாம்பலிலிருந்து வெள்ளிக்கும் வெள்ளியிலிருந்து பச்சைக்கும் மாறியது. இப்படி நாலு பெட்டிகள் வந்தன; உள்ளே விமானம் அதேதான். அது தேயத் தேய இவரும் தேய்ந்தார். கடைசி மூன்று வருடங்களில் காதோரத்திலும் தாடையிலும் காலைதோறும் கண்ணாடித்தாள் போல மெல்லிய பிசிறு முளைத்தது. மனைவி நகவெட்டியால் நறுக்கிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் முளைக்காது. எங்கோ ஓர் ஆலைக்கு அன்று விடுமுறை என்று அவள் புரிந்துகொண்டாள். அந்த ஆலை எங்கே என்பதுதான் தெரியவில்லை. அதைக் கண்டுபிடித்து மெஷினை நிறுத்தாவிட்டால் ஒரு வருடத்துக்குள் புருஷனுக்கு முகம் என்று ஒன்று இருக்காது.

அவள் தபால் நிலையத்தில் கடிதங்களை விலாசவாரியாகப் பிரிப்பவள். விமானப் பெட்டிகள் உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் ஒரே ஒரு விலாசத்துக்கு வந்துகொண்டிருந்ததை வருடக்கணக்காகப் பார்த்திருந்தாள். காது அழிந்த அதே வாரம் புருஷனுக்குத் தொப்பி மாட்டி, கழுத்துத் துணியால் முகத்தை மூடி, அந்த விலாசத்துக்கு அழைத்துப்போனாள். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டு அறைகள். குடியிருந்தவர் ஒரு மாதப் பத்திரிகையில் விமானப் பெட்டிகளை ஒப்பிட்டு எழுதுபவர். வாசகர்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. பெட்டியில் அச்சடித்திருக்கும் நாட்டை அவர் நம்பவே மாட்டார். பெட்டி ஓரிடத்தில் அச்சாகும், ஒட்டுப்படம் இன்னோரிடத்தில், பிளாஸ்டிக் மூன்றாவது இடத்தில் ஊற்றப்படும் என்பார். துண்டுகளின் உட்புறத் தழும்புகளைப் பார்த்து, எடை போட்டு, ஒரு துணுக்கை எரித்து மோந்து, இது இன்னாருடைய பழைய அச்சு என்று சொல்லிவிடுவார்.

"அந்த நாற்காலி வேண்டாம்மா, அதுல பசை காயுது" என்று அவளைக் கட்டிலில் உட்காரச் சொன்னார். துணியை விலக்கியதும் பதறவில்லை. விளக்கை இழுத்து, லென்ஸைக் கண்ணில் செருகி, அந்த முகத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"மூக்கு நாலாவது பெட்டி. காது அதைவிட மோசம், போன மாசம் ஊத்தினதா இருக்கணும்."

"நாலாவது பெட்டிக்கு என்ன எழுதினீங்கன்னு ஞாபகம் இருக்கா சார்?" என்று கேட்டாள் அவள்.

ஞாபகம் இருந்தது. ஒன்பது நீர்விமானங்களை ஒப்பிட்டதில் இதற்குப் பக்கத்தில் நிற்க எதற்கும் யோக்கியதை இல்லை என்று எழுதியிருந்தார். அதற்குப் பிறகுதான் ஆலை மூன்றாவது ஷிப்ட் போட்டது.

"நீங்க எழுத எழுத இவரு தேயுறாரு."

"அவரை ஏன்டி திட்டுறே? நல்ல அச்சை நல்ல அச்சுன்னு சொன்னாரு" என்றார் புருஷன். அவருடைய சட்டைப் பையில் அந்தப் பத்திரிகைப் பக்கம் நான்காக மடித்து இருந்தது.

"மூஞ்சி போனாலும் பெருமை போகலை பாருங்க" என்றாள் அவள்.

பூதக்கண்ணாடி மூன்று வாரம் வேறு வேலை பார்க்கவில்லை. நான்கு பெட்டிகளையும் தரையில் பரப்பினார். நாலாவது பெட்டி, புத்தம் புதிய அச்சு என்று பெரிய எழுத்தில் பொய் சொன்னது. வாலின் அடியில் உளி வழுக்கி விழுந்த மயிரிழைக் கீறல் நான்கிலும் ஒரே இடத்தில் இருந்தது. ("அன்னைக்குத் தும்மல் வந்துச்சு" என்றார் அச்சு வெட்டுபவர்.) பெட்டி ஒரு நாட்டைச் சொன்னது, விளக்கத்தாள் இன்னொன்றை. கடைசியில் துண்டுகள் வந்த பிளாஸ்டிக் பைதான் காட்டிக்கொடுத்தது. அதன் வாயில் சூடு வைத்து ஒட்டிய தையல், மூன்று மேடு ஒரு பள்ளம் என்று இருந்தது. கீழ்த்தெருக் கடையில் விற்ற சோப்புப் பெட்டிப் பையிலும் அதே தையல். சோப்புப் பெட்டியின் அடியில் ஆலையின் விலாசம் ஒளிக்காமல் போட்டிருந்தது.

கடிதம் எழுதினார்கள். நாற்பது நாள் கழித்து மரியாதையான பதில் வந்தது. அச்சு நல்ல நிலையில் இருக்கிறது, இரண்டு வருடத்துக்கு ஆர்டர் இருக்கிறது, விமானியின் முகம் பற்றி இதுவரை எந்த வாடிக்கையாளரும் குறை சொன்னதில்லை. அவள் அதை இரண்டு தடவை படித்துவிட்டு மேஜைமேல் வைத்தாள். "அப்ப யாராவது குறை சொல்லணும்" என்றாள். அறையில் அதற்குத் தகுதியுள்ளவர் ஒருவர்தான் இருந்தார். அவர் தன் தீர்ப்பை ஒருபோதும் மாற்றி எழுதியவரில்லை. ஆனாலும் உட்கார்ந்து எழுதினார். விமானிக்கு முகமே இல்லை, இந்தப் பெட்டியை வாங்காதீர்கள் என்று. அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஏழு வாரத்தில் கடைகள் பெட்டிகளைத் திருப்பி அனுப்பின. ஒரு புதன்கிழமை காலை பிசிறு முளைக்கவில்லை, வியாழனும் முளைக்கவில்லை. மெஷின் நின்றுவிட்டது. அதற்குள் அவருக்கு மிஞ்சியது இரண்டு கண்ணும், மூச்சுக்கு இரண்டு துளையும், வாய்க்கு ஒரு கீறலும்தான். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. கண் பழைய கண். மூக்கை அவளே ஞாபகத்திலிருந்து போட்டுக்கொள்வாள். சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து இடப்பக்கம் சாய்ந்த மூக்கு அது. இரண்டு மாதம் வீட்டில் நிம்மதி இருந்தது.

ஆனால் ஆலைக்காரர்கள் பொறுப்பானவர்கள். குறை சொன்னால் திருத்துவது அவர்கள் வழக்கம். அச்சைக் கழற்றி, தலை இருந்த பகுதியைப் புதிதாக வெட்டச் சொல்லி ஓர் இளைஞனிடம் கொடுத்தார்கள். இது இவர்களுக்குத் தெரியாது. ஒரு மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது அச்சு வெட்டுபவரின் நெற்றியில் ஒரு புருவம் எழும்பியது. அவள் தட்டை நகர்த்திவிட்டு எதிரே உட்கார்ந்தாள். புருவத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஒரு மணி நேரம் நம்பிக்கையோடு இருந்தாள். மூக்கு பாதி வந்தபோதே தெரிந்துவிட்டது. நேரான மூக்கு. பிறகு அகலமான தாடை, ஒட்டிய காது, முப்பது வயதுக்கு மேல் சொல்ல முடியாத கன்னம். கடைசியில் கண்களின் ஓரத்தையும் யாரோ செதுக்கிக் கொஞ்சம் மேலே தூக்கினார்கள்.

"எப்படிடி இருக்கு?" என்றது பழைய குரல்.

"வேற யாரோ மாதிரி."

அவர் விரலால் மெதுவாகத் தடவினார். "கை சுத்தமான பையன். உதட்டோரம் பாரு, ஒரே இழுப்பு."

அவள் எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றாள்.

ஐந்தாவது பெட்டி வந்ததும் பூதக்கண்ணாடி அதை எடுத்துக்கொண்டு நேரில் வந்தார். "நான் எழுதினதாலதான் மாத்திட்டாங்க" என்றார், வாசலைத் தாண்டாமல். "நல்லதா எழுதினாலும் எங்களுக்குத்தான் அடி, கெட்டதா எழுதினாலும் எங்களுக்குத்தான் அடி" என்றாள் அவள். "கொஞ்ச நாள் சும்மா இருங்க சார்." அவர் அப்படியே இருந்தார். அதற்குப் பிறகு அவர் செய்த எந்த ஒப்பீட்டிலும் நீர்விமானம் சேரவில்லை. வாசகர்கள் ஏன் என்று கேட்டு எழுதிய கடிதங்களைத் தபால் நிலையத்தில் அவள்தான் பிரித்து அவருக்குப் போகும் கட்டுக்குள் போட்டாள். பெட்டி நன்றாகவே விற்றது.

வீட்டில் அவளால் அந்த முகத்தை நேரே பார்க்க முடியவில்லை. பேசுவதானால் முதுகைக் காட்டிக்கொண்டு பேசினாள். குரல் மட்டும் கேட்டால் எல்லாம் சரியாக இருந்தது. அவரும் புரிந்துகொண்டு, அவள் வரும் நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வார். அக்கம்பக்கத்தில் ஆறு வாரம் பேசினார்கள். பிறகு எதிர்வீட்டில் மாடி எடுக்க ஆரம்பித்ததும் அதைப் பேசப் போய்விட்டார்கள்.

ஏழாவது மாதம் அவருடைய அடையாள அட்டையைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அலுவலகத்தில் முப்பத்தெட்டாவது டோக்கன். எழுத்தர் பழைய படத்தையும் எதிரே நின்றவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது இவர் இல்லையே?"

"தேஞ்சுபோச்சு சார். புதுசா வெட்டினாங்க" என்றார் அவர்.

எழுத்தர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். "இவர்தான் அவர்னு யாராவது கையெழுத்துப் போடணும். கூடவே இருக்கிறவங்களா இருக்கணும்."

அவள் படிவத்தைப் பார்த்தாள். பேனா வாங்கித் தன் பெயரை எழுதினாள். உறவு என்ற இடத்தில் மனைவி என்று எழுதினாள். அவர் விரல்ரேகை வைத்துவிட்டு மறதியாகக் கையைக் கன்னத்தில் தேய்த்துக்கொண்டதில் நீலமாக ஒரு கோடு விழுந்தது. "கொஞ்சம் திரும்புங்க, போட்டோ எடுக்கப் போறாங்க" என்று சொல்லி அவள் புடவைத் தலைப்பை எச்சிலால் நனைத்து அதை அழுத்தித் துடைத்தாள். அந்தக் கன்னத்தை அவள் தொட்டது அன்றுதான் முதல் தடவை. மை உடனே போகவில்லை. போகும்வரை துடைத்தாள். எழுத்தர் முப்பத்தொன்பதைக் கூப்பிட்டார்.