சாம்பிள் பாட்டில்

எஞ்சின் சூடு ஆறுவதற்குள் எடுத்துவிட வேண்டும். மகள் ஆயில் குச்சியை உருவிவிட்டு, அந்தத் துளை வழியாக மெல்லிய குழாயை இறக்கிக் கைப்பம்பை இழுத்தாள். கறுத்த ஆயில் சின்ன பாட்டிலில் சொட்டியது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அப்பா, "பாதி போதும். லேப்காரன் என்ன தாளிக்கவா போறான்?" என்றார்.

இருபத்திரண்டு வருடத்து வேன். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலை அனுப்பி, அதில் இரும்பு எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று கேட்டு வாங்கி, எஞ்சினுக்குள் எது தேய்கிறது என்று திறக்காமலே சொல்லிவிடுவார். அதில் அவருக்கு ஒரே பிடிவாதம். குறைந்த ஆயிலை நிரப்புவதற்கு முன்பே சாம்பிள் எடுத்துவிட வேண்டும். புது ஆயில் கலந்துவிட்டால் தேய்மானம் மறைந்துபோகும்.

அம்மா பையோடு வெளியே வந்தாள். நான்கு மாதமாக நோயாளியான அவரை விட்டு நகராதவள், தங்கை வீட்டில் ஒருநாள் இருந்துவிட்டு வரக் கிளம்பியிருந்தாள். அவருடைய நேற்றைய இரத்தப் பரிசோதனைத் தாள் கொடுத்த தைரியம். தங்கையிடம் காட்ட அதையும் மடித்து எடுத்துக்கொண்டாள்.

அவள் தெருமுனை திரும்பியதும் அப்பா சொன்னார். "முந்தாநாள்தான் ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்தினாங்க. நேத்து எடுத்துப் பாத்தா நல்லாத்தாம்மா இருக்கும்."

குழாயைத் துடைத்துக்கொண்டிருந்த மகளின் கை நின்றது. ஆயில் எடுக்கும்போதெல்லாம் பதினைந்து வருடமாகக் கேட்ட விதி. அந்தத் தாளைப் பார்த்தபோது தோன்றவே இல்லை.

"அம்மாவைக் கூப்பிடவாப்பா?"

"வேணாம். இன்னைக்கு ஒருநாள் தூங்கட்டும்."

பேனாவை வாங்கி, பாட்டிலில் ஒட்டிய சீட்டில் தேதியும் கிலோமீட்டரும் எழுதினார். கீழே, எப்போதும் எழுதும் வரி. எழுத்து கொஞ்சம் கோணியிருந்தது.

மூன்று மணிக்குத் தண்ணீர் கேட்டார். கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது.

அம்மா வந்துசேர இருட்டத் தொடங்கியிருந்தது. பையைத் தோளிலிருந்து இறக்காமலே அந்தத் தாளை எடுத்து, வந்திருந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் காட்டினாள். கடைசியில் மகளிடம் நீட்டினாள்.

"நல்லாத்தானேடி இருந்துச்சு? நீயும் பாத்தியே."

சொல்லிவிடலாம். சொன்னால், காலையிலேயே ஏன் கூப்பிடவில்லை என்று கேட்பாள்.

"பாத்தேம்மா. நல்லாத்தான் இருந்துச்சு."

அம்மா தலையாட்டிக்கொண்டே தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள்.

ஜன்னல் விளிம்பில் ஆயில் பாட்டில் அப்படியே இருந்தது. சீட்டில் அப்பாவின் எழுத்து: 'நிரப்பும் முன் எடுத்தது.'