ஓரத்து இருக்கை

...இல்லை, இடைவேளையில் சொன்னால் மிச்ச ஆட்டம் பாழாகிவிடும், எல்லாம் முடிந்து படிக்கட்டில் இறங்கும்போது, மகள் கையைப் பிடித்துக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிடலாம்... ஆனால் மேடையில் பாதி எங்கே போயிற்று? மேடைக்கு மிக அருகில் என்று போட்டிருந்ததை நம்பி இந்த இருக்கைகளைப் பிடித்தான், அருகில் என்றால் நன்றாகத் தெரியும் என்று நினைத்த புத்திசாலி. மூக்குக்கண்ணாடிக் கடையில் ஊருக்கெல்லாம் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, இதுல தெளிவா தெரியுதா, அதுலயா என்று கேட்கிறவன், பெற்ற மகளைக் கொண்டுவந்து உட்கார வைத்திருப்பது சுவரோரம், வரிசையின் கடைசியில். கழுத்தைத் திருகினால்தான் மேடையின் இந்தப் பக்கம் தெரிகிறது. அவளுடைய அம்மா பக்கத்தில் இருந்திருந்தால், உங்களை நம்பி வந்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்திருப்பாள். அந்தச் சிரிப்பு வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டது, வீடு பார்த்ததும் உங்களைக் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனது, போன வாரம் தொலைபேசியில், இனி நாம் சேர்ந்து இருக்க வேண்டாம், நான் வரப்போவதில்லை, விடுமுறைக்குக் குழந்தையை அனுப்புங்கள் என்றது. நீங்களே சொல்லிடுங்க, நான் சொன்னா அழுதுடுவேன். ஆக, அழாமல் சொல்லும் பொறுப்பு அவனுக்கு. முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோற்றில் மறைப்பது?

பாலே நடனத்துக்கு ஏன் கூட்டிவந்தான்? எப்போதோ தொலைக்காட்சியில் ஒருத்தி கால்விரல் நுனியில் நிற்பதைப் பார்த்து, வலிக்காதாப்பா என்று அணில் கேட்டாள். அணில் என்பது பல் முளைத்த காலத்தில் மேசை விளிம்பைக் கொறித்ததற்காக அம்மா வைத்த பெயர், இப்போது அவனும் அப்படித்தான் கூப்பிடுகிறான், பெயரை வைத்தவள்தான் இல்லை. வலிக்காதா என்பதற்கு அன்று பதில் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. இவ்வளவு அருகில் வந்தபின் ஒன்று மட்டும் தெரிகிறது, சத்தம் வருகிறது. பஞ்சு மாதிரி இறங்குவார்கள் என்று நினைத்திருந்தான், இறங்கும்போதெல்லாம் பலகையில் டொக் டொக் என்கிறது. இந்தச் சத்தத்தை ஏன் யாரும் சொன்னதில்லை? அணிலிடம் சொல்லலாம் என்று திரும்பினால், அவள் ஆடுகிறவளையே பார்க்கவில்லை. யார் கண் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதுதான் அவன் தொழில், அதில் தப்பு வராது. ஆடுகிறவள் நடுவில் சுழல்கிறாள், குழந்தையின் கண் குறுக்காக எதிர்ப்பக்க ஓரத்துக்குப் போகிறது, போய் அங்கேயே நிற்கிறது. அங்கே என்ன? கறுப்புத் துணி தொங்குகிறது. பிடிக்கவில்லையோ? தூக்கமோ? தூக்கம் வந்தால் இப்படிக் கண்ணைக் கொட்டாமல் யார் பார்ப்பார்கள்...

இடைவேளையில், இருக்கை காட்டும் பெண்மணி பாவப்பட்டு, நடுவில் ரெண்டு சீட் காலியா இருக்கு, மாறிக்கலாம் என்றாள். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல அவன் எழுந்துவிட்டான், பையைக்கூட எடுத்துவிட்டான். அணில் எழவில்லை. “வேணாம்ப்பா. இங்கருந்துதான் உள்ள தெரியுது.” உள்ள என்றால்? “நீ என் சீட்ல உக்காந்து பாரு.”

இடம் மாறி உட்கார்ந்தான், விளக்கு அணைந்தது, அவள் விரல் நீட்டிய இடத்தையே பார்த்தான். ஆமாம், துணிக்கும் துணிக்கும் நடுவே ஒரு சந்து. வெள்ளை உடுப்புக்காரி மேடையைச் சுற்றிப் பறந்து, சிரித்த முகம் சிரித்தபடி அந்தச் சந்துக்குள் நுழைந்தாள், நுழைந்த மறுகணம் சிரிப்பைக் காணோம். முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்துவிட்டாள், முதுகு ஏறி இறங்குகிறது, யாரோ துண்டை நீட்ட, முகத்தை அதில் புதைத்தாள். ஐயோ, இப்படியா வாங்குகிறது மூச்சு? சபை அதற்குள் வேறு யாரையோ பார்த்துக் கைதட்டுகிறது. அவள் துண்டைக் கொடுத்தாள், கழுத்தை நிமிர்த்தினாள், எங்கிருந்தோ அந்தச் சிரிப்பை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடி வெளிச்சத்துக்கு வந்தாள். அவன் கதையை விட்டுவிட்டான், இளவரசன் எக்கேடு கெட்டால் என்ன, அடுத்து யார் உள்ளே வருவார்கள், எப்படிக் குனிவார்கள், ஒருவன் வலியில் சுவரைக் குத்துகிறான், ஒருத்தி காலணியைக் கழற்றிப் பெருவிரலைப் பிடித்துக்கொள்கிறாள்... வலிக்காதா என்ற கேள்விக்குப் பதில் அங்கே இருந்திருக்கிறது, குழந்தை அதைத்தான் அப்போதிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆர்வம் தாங்காமல் அவள் காதருகே குனிந்தான், “எப்படிக் கண்டுபிடிச்ச?”

“நீ பால்கனியில பண்ணுவியே, அது மாதிரி.”

என்ன பண்ணுவேன்?

“பெட்ஷீட் காயப்போட்டுட்டு அதுக்குப் பின்னால நிப்பியே. அப்புறம் சிரிச்சிக்கிட்டே உள்ள வருவ.” அவள் மேடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “கீழ உன் கால் தெரியும்ப்பா.”

கால். காலை அவன் யோசிக்கவே இல்லை. துணி ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதுபோல முகத்தை அதில் வைத்து நின்ற சாயங்காலங்கள், போன வாரம் தொலைபேசியை வைத்துவிட்டு நின்றது, அப்போதெல்லாம் இவள் உள்ளே ஓரத்து இருக்கையில் உட்கார்ந்து இரண்டு கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாளா? வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது, அதோடு எதையோ இறக்கி வைத்ததுபோல லேசாகவும் இருந்தது. படிக்கட்டு வரைக்கும் எதற்குக் காத்திருக்க வேண்டும்? ஆட்டம் முடிந்து எல்லோரும் எழுந்து கைதட்டும் இரைச்சலில், அவள் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னான். “அணிலு, அம்மா அங்கயே இருக்கப்போறாங்க. இனி நம்ம வீட்டுக்கு வரமாட்டாங்க. லீவுக்கு நீ போய்ப் பாக்கலாம்.”

“ம்” என்றாள். கை தட்டுவது நிற்கவில்லை. அவனைப் பார்த்துச் சிரித்தாள், கடையிலிருந்து வரும்போது தினம் கதவைத் திறந்து சிரிப்பாளே, அதே சிரிப்பு, குழந்தை மனசு, எதுவும் ஒட்டவில்லை என்று அவன் தினம் நிம்மதிப்பட்ட சிரிப்பு. அவன் மறுபடி அவள் காதருகே குனிந்தான்.

“நீ எங்க போய் நிப்ப?”

“சொல்லமாட்டேன்” என்றாள், அணில் மாதிரி மூக்கைச் சுருக்கி. “சொன்னா நீ வந்து பாத்துடுவ.” பிறகு, “கை தட்டுப்பா, அவங்க நம்மளையும் பாக்குறாங்க.”

தட்டினான். வெள்ளை உடுப்புக்காரி இந்தப் பக்கமும் திரும்பிக் குனிந்து வணங்கினாள். அவன் தட்டிக்கொண்டே மனசால் வீட்டுக்குள் ஓர் அறை பாக்கியில்லாமல் நடந்தான், அலமாரிக்குப் பின்னால், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், குளியலறைக் கதவுக்கு அந்தப் பக்கம்... சின்ன வீடுதானே, கால் தெரியாமல் நிற்கும்படி அதில் எந்த இடம் இருக்கிறது?