மூன்று கீறல்கள்

குளியலறைக் கதவைத் தாழ் போட்டுவிட்டு மகளின் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தாள். கூடத்தில் கணவரைக் கிடத்தியிருந்தார்கள். புருஷன் செத்துக் கிடக்கும்போது எவளாவது நகம் வெட்ட உட்காருவாளா? இவள் உட்கார்ந்தாள். நாத்தனார் வந்து இறங்குவதற்குள் பத்து விரலும் முடிந்தாக வேண்டும்.

"கையக் குடுடி குட்டி. இழுக்காத."

குட்டிக்குப் பத்தொன்பது வயது. ஆட்டிசம். நகம்வெட்டியைக் கண்டாலே ஊரைக் கூட்டுகிறவள், இன்று வெறும் முனகலோடு கையை நீட்டினாள். தப்புச் செய்த பிள்ளைதான் இப்படி அடங்கிப்போகும் என்று பெற்றவளுக்குத் தோன்றியது.

மகளுக்காக வேலையை விட்டு, ஒன்பது வருடமாக வீட்டோடு இருந்தவர் கணவர். காலையில் இவள் கூரியர் ஆபீசுக்குக் கிளம்பும்போது நன்றாகத்தான் இருந்தார். பதினொரு மணிக்கு, மகளின் அலறல் கேட்டு எட்டிப்பார்த்த மேல்வீட்டு டெய்லர் போன் செய்தார். ஓடிவந்து பார்த்தால் தரையில் கிடக்கிறார். சட்டை திறந்திருந்தது, காற்றுக்காக டெய்லர் திறந்திருப்பார். ஆனால் கழுத்தில் மூன்று கீறல்கள். டாக்டர் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கழுத்தை அவர் பார்த்ததாகவே தெரியவில்லை.

போன மாதம்தான், பக்கத்து வீட்டில் சுவரைத் துளைக்கும் சத்தம் தாங்காமல் மகள் அவரைத் தள்ளிவிட, நெற்றியில் நாலு தையல்.

"அப்பாவ என்னடி பண்ண?"

மகள் குழாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

நாத்தனார் வந்ததும் அண்ணன்மேல் விழுந்து அழுதாள். அந்த அழுகைக்கு நடுவிலும் கண் தன் வேலையைப் பார்த்தது.

"கழுத்துல என்ன அண்ணி?"

"ஷேவ் பண்ணும்போது பட்டிருக்கும்."

"ஷேவ் பண்ணியே நாலு நாளாச்சு போலிருக்கே."

நாத்தனார் குரலைத் தணித்தாள். "நான் அப்பவே தலபாடா அடிச்சுக்கிட்டேன், இவள ஒரு இல்லத்துல சேர்த்துடுங்கன்னு. அண்ணன் கேட்டாரா? நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆனா? இந்த வாரமே சேர்த்துடலாம்."

"அவ ஒண்ணும் பண்ணல."

"நீங்க பாத்தீங்களா?"

பார்க்கவில்லையே, அதுதானே கொல்கிறது! மகளை விட்டுக்கொடுக்கவும் மனம் வரவில்லை, நம்பவும் வரவில்லை.

வண்டி வந்துவிட்டது. கணவருக்குப் புதுச் சட்டையை இவளே மாட்டி, காலர் பட்டன்வரை இறுக்கிப் போட்டுவிட்டாள். கீறல்கள் மறைந்தன. அப்பாடா என்றிருந்தது.

அப்போதுதான் மகள் எல்லோரையும் தள்ளிக்கொண்டு வந்தாள். நேராக அப்பாவின் கழுத்தில் கை வைத்தாள்.

"ஐயோ, பிடிங்க அவள!" நாத்தனார் அலறினாள். "பாத்தீங்களா அண்ணி? கழுத்துலயே கை வைக்கிறா!"

இவள் பாய்ந்து மகளின் மணிக்கட்டைப் பற்றினாள். பற்றியவள் அப்படியே நின்றுவிட்டாள். விரல்கள் நெரிக்கவில்லை. காலர் பட்டனைத் துழாவிக்கொண்டிருந்தன. நகம் ஒட்ட வெட்டிய விரல் பட்டனில் பிடிபடாமல் வழுக்கி வழுக்கிக் கழுத்துத் தோலை உரசியது.

"அவசரமில்ல," என்றாள் மகள், அச்சு அசலாக அப்பாவின் குரலில். "மெதுவா. அவசரமில்ல."

இரண்டு வருடமாக அவர் தன் சட்டையைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு மகளுக்குப் பட்டன் கழற்றச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். இந்த ஜென்மத்தில் வராது என்று இவள்தான் கைகழுவியிருந்தாள்.

பட்டன் கழன்றது. "அடுத்தது," என்றாள் மகள்.

இவள் கூட்டத்தில் நின்ற டெய்லரிடம் திரும்பினாள். "காலைல அவரு சட்டைய நீங்களா திறந்தீங்க?"

"இல்லம்மா. நான் வரும்போதே எல்லா பட்டனும் கழண்டிருந்துச்சு. பாப்பா பக்கத்துல உட்காந்திருந்துச்சு."

நெஞ்சை அடைத்திருக்கும். கழட்டும்மா என்று கேட்டிருப்பார். பிள்ளை கழற்றியிருக்கிறது. அந்தக் கையின் நகத்தையா தாழ் போட்டுக்கொண்டு ஒட்ட வெட்டினோம்? இவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"யாரும் அவளத் தொடாதீங்க."

வெளியே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். "நேரமாகுது அண்ணி," என்றாள் நாத்தனார், இப்போது மெல்லிய குரலில்.

"காத்திருக்கட்டும்."

மகள் கடைசிப் பட்டனையும் கழற்றினாள். அப்பாவின் மார்பைப் பார்த்தாள். சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அடுத்தது," என்றாள். விரல் சட்டையின் கீழ்விளிம்பில், பட்டனே இல்லாத இடத்தில், தேடிக்கொண்டிருந்தது.