பாய்லர் வாசலில் கிடந்த செருப்பு

அந்த இறால் கம்பெனியின் பாய்லர் ரூமில் ஒரு வழக்கம் உண்டு. பாய்லருக்குள் நுழைகிறவன் செருப்பை, அடியில் இருக்கும் மேன்ஹோல் வாசலில் கழற்றிப் போட வேண்டும். செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறான். கிடக்காவிட்டால் வெளியே வந்துவிட்டான். பதினெட்டு வருஷமாக இன்பமணி அதை நம்பித்தான் பாய்லர் ஓட்டிக்கொண்டிருந்தான்.

அன்றைக்கு அவன் சாப்பிட்டுவிட்டு வந்தபோது இரண்டாம் பாய்லரின் மேன்ஹோல் மூடி போல்ட் முறுக்கிக் கிடந்தது. வாசலில் செருப்பு இல்லை. குழாய்களில் படிந்த உப்பைச் சுரண்டக் காலையில் உள்ளே போன ஆலந்தலைக்காரன் இனிகோ, வேலையை முடித்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டான்.

"தண்ணியத் தொறங்க இன்பமணி! மூணு மணிக்கு இன்ஸ்பெக்டர் மேடம் வாராங்க. ரொப்பி வச்சாத்தான் பிரஷர் டெஸ்ட் பாக்க முடியும்," என்று மேனேஜர் கிருபாநிதி கத்தினார். வருஷா வருஷம் நடக்கிற சோதனைதான். ஆனாலும் மனிதர் சுவருக்கெல்லாம் பெயிண்ட் அடிக்க வைத்து, தலைகால் புரியாமல் ஆடிக்கொண்டிருந்தார்.

இன்பமணி வால்வைத் திறந்தான். தண்ணீர் இரைந்துகொண்டு உள்ளே போயிற்று. கை துடைக்கத் துணி எடுக்கத் திரும்பியபோது ஆணியில் தொங்கிய இனிகோவின் தூக்குச்சட்டி கண்ணில் பட்டது. தூக்கிப் பார்த்தான், கனத்தது. சோற்றை விட்டுவிட்டு எங்கே போயிருப்பான் இந்தப் பயல்?

ஐயோ!

வால்வை அடைத்துவிட்டு மூடியிடம் ஓடினான். ஸ்பானரை எடுத்துப் போல்ட்டுகளைக் கழற்றினான். "ஏலே இனிகோ! உள்ள இருக்கியாலே?" பக்கத்துப் பாய்லர் ஃபேன் போட்ட இரைச்சலில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. மூடியை உள்ளே தள்ளியதும் தண்ணீரோடு ஒரு கையும் வெளியே வந்தது.

இழுத்து வெளியே போட்டான். இனிகோவின் விரல் முட்டியெல்லாம் ரத்தம். "அண்ணாச்சி… எவ்வளவு தட்டுனேன் தெரியுமா… யாருக்குமே கேக்கல்லியா…" என்று நடுங்கினான்.

ஓடி வந்த கிருபாநிதிக்கும் முகம் வெளுத்துவிட்டது. "நான் என்னத்தக் கண்டேன்? அழுக்குச் செருப்பு ஒண்ணு அங்கன கெடந்துச்சு. மேடம் கண்ணுல படப்படாதுன்னு குப்பையில போடச் சொன்னேன். மூடிய மாட்டச் சொன்னேன், பெயிண்டருங்கதான் மாட்டுனானுவ. சரி, ஒண்ணும் ஆகல்லல்லா? சத்தம் போடாதிய."

அதுவரை 'சார்' தவிர வேறு சொல்லாத இன்பமணியின் வாய், அப்போது மாறிற்று.

"என்னவே சொல்லுதீரு? ஒண்ணும் ஆகல்லியா? மூடச் சொன்னீரே, உள்ள எட்டிப் பாத்தீராவே? கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு? மனுசன் உசுரு உமக்குக் கிள்ளுக்கீரையா?"

வெளியே ஜீப் வந்து நின்றது. கிருபாநிதி குரலைத் தாழ்த்தினார். "மேடத்துக்கிட்ட வாயத் தொறந்தீருன்னா, தண்ணியத் தொறந்த கை யாருதுன்னு முதல்ல கேப்பாங்க. உம்ம லைசென்ஸ் போயிரும், பாத்துக்கிடும்."

நிஜம்தான். எட்டிப் பார்க்காதது அவர் மட்டும் இல்லை. அந்த நினைப்பு வந்ததும் இன்பமணிக்குத் தன் கையையே வெட்டிப் போடலாம் போல ஆத்திரம் பொங்கியது. விறுவிறுவென்று போய்க் குப்பைத் தொட்டியைக் கவிழ்த்தான். பெயிண்ட் பட்ட அந்தச் செருப்பைப் பொறுக்கிவந்து மேன்ஹோல் வாசலில் போட்டான்.

உள்ளே வந்த இன்ஸ்பெக்டருக்கும் அந்த வழக்கம் தெரியும்; செருப்பைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "உள்ள ஆள் இருக்கா?"

"இருந்தான் மேடம். எட்டிப் பாக்காம அவன் மேல தண்ணியத் தொறந்துவிட்டவன் நான். இன்பமணின்னு முதல்ல என் பேர எழுதுங்க. அடுத்தாப்ல எழுத வேண்டிய பேரையும் சொல்லுதேன்."