கோணல் பின்னல்

"இந்தக் கயிறு ஏன் இப்படிப் பிரிஞ்சு கெடக்கு?" என்று கேட்டாள் லவினியா.

இறந்த தம்பியின் உடலில், தீவில் எல்லோரும் மரியாதைக்காக உடைமேல் சுற்றும் இடுப்புப் பாயை அவனுடைய தேங்காய்நார்க் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தாள். நன்றாக முறுக்கிய பழைய கயிறுதான். ஒரு முனையில் மட்டும் யாரோ பிய்த்தெடுத்ததுபோல நார் சிலும்பி நின்றது.

"தெரியல அண்ணி," கால்மாட்டில் இருந்த அகனேசி கணவனின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "முந்தாநேத்து ராத்திரி நான் எடுத்து வச்சப்ப நல்லாத்தான் இருந்துச்சு."

"ஒரு வாத்தியார் இப்படியா புள்ளைங்க முன்னாடி நிப்பான்?"

கோபமில்லை. எதையாவது பேச வேண்டியிருந்தது.

நேற்றுப் பள்ளி விட்டு வந்த தம்பி பெனி, பசிக்கிறது என்று சொல்லிவிட்டுப் பாயில் சாய்ந்தான். அகனேசி மரவள்ளிக் கிழங்கை இறக்கி எடுத்து வந்து கூப்பிட்டபோது அவன் எழுந்திருக்கவில்லை. லவினியா லிஃபுகா தீவிலிருந்து விடியற்காலைப் படகில் வந்து இறங்கி, நேரே தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள். அது அக்காவின் இடம். வேறு யாரும் அங்கே உட்கார மாட்டார்கள். வளர்ந்த பிறகு, தீவு வழக்கப்படி, அக்காவும் தம்பியும் ஓர் அறையில் உட்கார்ந்து பேசிக்கொள்வதில்லை. அந்த மரியாதையிலேயே வருடங்கள் போய்விட்டன. இத்தனை கிட்டத்தில் அவன் முகத்தை இப்போதுதான் பார்க்கிறாள். காதோரம் நரைத்திருந்தது. அதை யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

வெளியே பள்ளிப் பிள்ளைகள் மரத்தடியில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். பாதிரியார் வருவதற்குள் ஒரு வேலை பாக்கி இருந்தது. சுவரோரம் இருந்த கிழவி ஒருத்தி கத்திரிக்கோலை எடுத்து நீட்டினாள். அப்பா போனால் மகளின் கூந்தலை அத்தைதான் வெட்ட வேண்டும்.

"லோசே, வாடி இங்க."

ஐந்து வயது லோசே அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றாள். இழவுக்குக் கட்டிவிட்ட கிழிந்த பெரிய பாய் மார்பிலிருந்து தரைவரை அவளை மூடியிருந்தது. இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டாள்.

"மாட்டேன்."

"முடி மறுபடி வளரும்டி, கண்ணு."

"முடி வளரும். பின்னல் வளருமா?"

லவினியா அவளை இழுத்துத் திருப்பிப் பார்த்தாள். பின்னல் இடது காதுக்கு மேலே தொடங்கி, கழுத்தைத் தாண்டி, எங்கேயோ போய் முடிந்திருந்தது. ஓரிடத்தில் கயிறுபோல மெலிந்தும், அடுத்த இடத்தில் புடைத்தும் இருந்தது.

"யாரு பின்னுனது இத? மீன் வலையக் கூட இதவிட ஒழுங்காப் பின்னுவாங்களே!"

"நான் இல்ல அண்ணி. நேத்து பாய் முடைய இருட்டோட போயிட்டேன். அவர்தான் இவளக் கூட்டிட்டுப் பள்ளிக்கூடம் போனாரு. தலையக்கூடச் சீவாம."

"அப்பாதான் பின்னுனாரு," என்றாள் லோசே. "பெரிய டீச்சர் வாசல்லயே நிறுத்திட்டாங்க. பொம்பளப் புள்ள தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு உள்ள வரக்கூடாதுன்னு. அப்பா என்னை அவரு மேஜை மேல உக்கார வச்சாரு. ஆனா அவருக்குப் பின்னவே தெரியல அத்தை! கிளாஸ்ல இருக்கற அக்காங்கதான் சொல்லிக் குடுத்தாங்க. 'ஐயோ, அப்படி இல்ல சார், ஓரத்துல இருக்கறது நடுவுல வரணும் சார்'னு. ஒரே சிரிப்பு. 'சிரிச்சவங்கெல்லாம் பெருக்கல் வாய்ப்பாடு எழுதணும்'னாரு. அதுக்கும் சிரிச்சாங்க."

அகனேசிக்கு உதடு லேசாக இழுத்தது. சிரிப்பா என்று தெரியவில்லை.

"கட்ட ரிப்பன் இல்ல. அவுந்து அவுந்து போச்சு. அப்புறம் இடுப்புக் கயித்துலருந்து பிச்சுக் கட்டுனாரு."

பின்னலின் நுனியில் ஒரு நார் முடிச்சு. லவினியாவின் கை தானாகத் தம்பியின் இடுப்புக்குப் போய், அந்தச் சிலும்பிய முனையைத் தொட்டது.

"அப்புறம் நான் கேட்டேன், 'அப்பா, உங்க தலைய நான் பின்னட்டா'ன்னு. எல்லாரும் 'ஐயையோ'ன்னுட்டாங்க."

"அவன் என்ன சொன்னான்?"

"'அப்பா தலையப் புள்ளைங்க தொடக்கூடாதும்மா. அத்தை வந்தா கேளு. அத்தை சரின்னா சரி'ன்னாரு."

வீட்டுக்குள் யாரும் யாரையும் பார்க்கவில்லை. அகனேசி பாயின் ஓரத்தை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"இப்ப கேக்கட்டா அத்தை?"

லவினியா கத்திரிக்கோலை இடுப்பில் சுற்றியிருந்த துணியில் ஒருமுறை துடைத்தாள்.

"மொதல்ல உன் வேலைய முடிப்போம். பின்னல அவுக்க மாட்டேன். அப்படியே முழுசா வெட்டுறேன். அத அப்பா தலைக்கு அடியில வச்சிடலாம்."

"நான்தான் தொடக்கூடாதே."

"நீ எங்கடி தொடுற? உன் முடிதான தொடுது."

இதெல்லாம் வழக்கத்தில் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. அத்தை சொன்னால் சொன்னதுதான்.

லோசே கொஞ்சம் யோசித்தாள். பிறகு கைகளைக் கீழே இறக்கினாள்.

கத்திரிக்கோல் மழுங்கல். அழுத்தி அழுத்தித்தான் வெட்ட வேண்டியிருந்தது. லவினியா இடது கையால் தம்பியின் தலையைத் தூக்கினாள். கனத்தது. சுருண்ட முடிக்குள் அவள் விரல்கள் புதைந்தன. முடிச்சு அவிழாமல் பின்னலை அடியில் வைத்து, தலையை மெல்ல இறக்கினாள். கையை எடுக்க நேரமாயிற்று.

லோசே அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அத்தையின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை."

"ம்?"

"அப்பா முடி எப்படி இருக்கு?"

லவினியா முழங்காலிலேயே திரும்பி உட்கார்ந்து, கொண்டையிலிருந்த ஆமையோட்டுச் சீப்பை உருவிக் கீழே வைத்தாள். நரைத்த சுருள்முடி தோளில் விழுந்தது. குழந்தையின் உயரத்துக்குத் தலையைக் குனிந்தாள்.

"எங்க ரெண்டு பேருக்கும் ஒரே முடிதான்," என்றாள் தரையைப் பார்த்து. "தொட்டுப் பாரு."

சுவரோரக் கிழவி மூச்சை உள்ளே இழுத்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அப்பாவுக்கும் மேலான அத்தையின் தலையா? ஒரு பிள்ளையா?

முதலில் ஒரு விரல் பட்டது. பிறகு இரண்டு கைகள். முடி பிரிக்கப்படுவதையும், ஒரு பக்கம் அதிகமாக இழுபடுவதையும் லவினியா உணர்ந்தாள்.

"ஓரத்துல இருக்கறது நடுவுல வரணும்," என்று லோசே தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

வெளியே பாட்டு நின்றது. பாதிரியார் படியேறி வந்து, வாசலில் செருப்பைக் கழற்றினார். லவினியா தலையை நிமிர்த்தவில்லை.