ஏழு படித்தள மண்டபம்

கதிரவன் எழுந்துவிட்டானா, இன்னும் போர்வைக்குள் புரண்டுகொண்டிருக்கிறானா என்று ஒருவராலும் உறுதிகூற முடியாத எட்டு மணிப் பொழுது அது. மலைமுகடுகளினின்று இறங்கிய மூடுபனி, தேயிலைச் சரிவுகளின் பச்சை வரிகளை ஒவ்வொன்றாய் அழித்து, பள்ளத்தாக்கில் தேங்கி, காய்கறித் தோட்டங்களின் நெகிழிக் கூரைகள்மேல் ஊர்ந்து, கியா பார்ம் என்னும் மலையூரின் சாலையோரக் கடைகளுக்குள் விலை கேட்காமலே நுழைந்து வெளியேறிக்கொண்டிருந்தது. திரிங்காப்பிலிருந்து முட்டைக்கோசு சுமந்துவந்த சரக்குந்துகள், பெருமூச்செறியும் யானைகளைப் போல் வளைவுகளில் இறங்கி மறைந்தன. இத்துணை அமைதி தவழ்ந்த அந்நேரத்தில், அன்பார்ந்த வாசகரே, திருமாறன் தம் பழைய மகிழுந்தைப் பின்னோக்கிச் செலுத்தி, ஆளுயரம் நின்ற சுதைப் பழம் ஒன்றின்மேல் மோதினார்.

அப்பழத்துக்குத் தூய தமிழ்ப்பெயர் தேடி அகராதிகளோடு மல்லுக்கட்டித் தோற்றவன் யான். ஆதலின் ஊரார் வழங்கும் ஸ்ட்ராபெரி என்னும் பெயரையே தலைவணங்கி ஏற்கிறேன். சுற்றுலா வருவோர் கட்டிப்பிடித்துப் படமெடுத்துக்கொள்ளும் அச்செம்பழத்தின் பச்சை முடி கழன்று, உருண்டோடி, நவமணியின் காய்கறிக் கடை வாயிலில் போய் நின்றது. வேறொருவர் மோதியிருந்தால் அது வெறும் பனி செய்த பிழை. மோதியவரோ, அப்பழம் ஊருக்கே இழுக்கென்று நாளிதழுக்கு மும்முறை மடல் எழுதியவர்.

"புடிக்கலைன்னு எழுதுனீங்க, சரி. அதுக்காக நேர்லயே வந்து இடிப்பீங்களாண்ணே?" என்றாள் நவமணி, பச்சை முடியைத் தூக்கித் தராசுத் தட்டில் வைத்தபடி.

பனியைக் காரணம் காட்டினார் திருமாறன். பனி எல்லாருக்கும்தான் பெய்கிறது என்றாள் அவள். சீர்செய்து தருவதாக வாக்களித்து, நசுங்கிய பின்புறத்தோடு வண்டியைக் கிளப்பிய அவருக்கு, அன்று காலை இதைவிடத் தீய நிமித்தம் வேறொன்று வாய்த்திருக்க முடியாது. ஏனெனில் மூன்றாண்டுகளாக அவர் காத்திருந்த கூட்டம் இன்னும் இரண்டு மணி நேரத்தில் தொடங்கவிருந்தது.

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடொன்றில் பிறந்து, பதினேழு அகவையில் மலையிறங்கி, தலைநகரில் நாற்பதாண்டுகள் கட்டட வரைவாளராய் உழைத்தவர் திருமாறன். விண்முட்டும் மாளிகைகளில் அவர் கைபட்ட பகுதிகள் உண்டு. அவை யாவும் வண்டி நிறுத்தும் நிலவறைகள். ஓய்வு பெற்று மலையேறி வந்தவர், பிரிஞ்சாங் நகரில் இரும்புக்கடை மாடியில் ஓர் அறையெடுத்துத் தங்கினார். மணம் முடிக்கவில்லை; கேட்டால், அளவு சரியாக அமையவில்லை என்பார். கேட்டவர் சிரிப்பார், தாமும் சிரிப்பார், கதவைச் சாத்தியபின் அச்சிரிப்பை எங்கே வைப்பதென்று அறியாமல் நிற்பார்.

தோட்டத்தின் பழைய தகரக் கூடம் மூன்றாண்டுகளுக்குமுன் பெருமழையில் சரிந்துபோக, அங்கே புதியதொரு பொதுமண்டபம் எழுப்ப ஊராட்சி முடிவு செய்திருந்தது. மண்டபத்துக்கு அவர்கள் தீட்டிய படத்தைக் கண்ட நாள்முதல் திருமாறனுக்கு உறக்கம் குறைந்தது. வெள்ளைச் சுவர், அதன்மேல் ஒட்டிய கறுப்புக் கட்டைகள், ஆங்கிலேய நாட்டு வளமனை ஒன்றைக் கனவிற்கண்டு பாதியில் விழித்தவன் வரைந்ததைப் போன்ற முகப்பு. அம்மலையில் விடுதிகளுக்கும் அதே முகம், கடைகளுக்கும் அதே முகம், கட்டணக் கழிப்பறைக்கும் அதே முகம். எந்தக் கூரையையும் தாங்காமல், எந்தச் சுவரையும் பிணைக்காமல், அழகுக்கென அறையப்பட்ட அந்தக் கட்டைகளைப் பார்க்குந்தோறும் அவர் நெஞ்சு எரிந்தது. மலையையே சீவி வரிவரியாய் வகுத்தவர்தம் மக்களுக்கு எழும் மண்டபம், எவன் வீட்டு முகத்தையோ இரவல் வாங்கி அணிவதா? பொதுப்பணம் கொண்டு கட்டுவோர்க்குத் துணிவென்பதே கிடையாதா? இவ்வாறெல்லாம் எழுதி, தாமும் ஒரு படம் வரைந்தார். தேயிலை வரிகளைப் போலவே சரிவோடு சரிவாய் இறங்கும் ஏழு படித்தளங்கள். ஒவ்வொன்றின் மேலும் கொழுந்திலைபோல் வளைந்த கூரை. இரு கூரைகளின் இடையே பனியும் ஒளியும் புகும் நெடிய திறப்பு. அட்டையால் அதன் சிறுவடிவம் செய்து, குண்டூசிகளை மாந்தராய் உள்ளே நிறுத்தி, மூன்றாண்டுகள் அவர்கள் முன்னிலையில்தான் இரவுணவு கொண்டார். அவர்கள் ஒருபோதும் குறை சொன்னதில்லை.

மாற்றுப்படம் ஏற்கப்பட வேண்டுமாயின் தோட்டத்துக் குடும்பங்கள் முப்பதின் கையொப்பம் அன்று மாலை ஐந்து மணிக்குள் ஊராட்சி அலுவலகம் சேர வேண்டும் என்பது விதி. ஐந்தடித்தால் கறுப்புக் கட்டை உறுதி.

தோட்டத்துக் கோயில் முற்றத்தில் கூட்டம். பழம் உடைந்த செய்தி அவருக்கு முன்னரே வந்து இருக்கை பிடித்திருந்தது. பின்னோக்கி நடந்துவந்தாரா, முன்னோக்கியா என்று ஒருவர் கேட்க, முற்றம் குலுங்கியது, திருமாறனும் குலுங்கினார். பின்பு படத்தை விரித்துப் பேசினார். கைக்குக் கை படம் சென்றது. கோயில் தலைவர் நாகரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு நெடுநேரம் நோக்கினார். "அருமையா இருக்கு தம்பி. பாப்போம்லா" என்றார்.

இந்தப் 'பாப்போம்' என்னும் சொல்லை அயலார் எளிதில் அறியார். ஒழுகும் கூரையைக் காட்டி முறையிட்ட பாட்டனுக்குத் தோட்டத்துத் துரையும் கணக்கெழுதிய கிராணியும் ஈந்தது அச்சொல். பாட்டன் அதைப் பத்திரப்படுத்தித் தன் மக்களுக்கு வழங்கினான். வாக்குக் கேட்டு வருபவனுக்கும், பெண் கேட்டு வருபவனுக்கும், மோட்டார் சைக்கிள் கேட்கும் மகனுக்கும் இன்று அதுவே விடை. எதிரே நிற்பவன் முகம் வாட 'முடியாது' என்று சொல்வதற்கு அம்மக்களின் நா எழாது. அவ்வளவு மெல்லியர், அவ்வளவு அடிபட்டவர். கையொப்பத்தாள் முற்றத்தைச் சுற்றித் திரும்பியபோது, அதில் ஒரு தேநீர்க் குவளையின் ஈரவட்டம் மட்டுமே பதிந்திருந்தது.

நண்பகலுக்குப்பின் வீடு வீடாய் ஏறினார். எல்லா வீட்டிலும் தேநீர் கிடைத்தது, எல்லா வீட்டிலும் பாராட்டுக் கிடைத்தது, விடை கிடைக்கவில்லை. தாம் பிறந்த வீட்டின் வாயிலில் இப்போது அயல்நாட்டுத் தொழிலாளர் இருவர் சோறு வடித்துக்கொண்டிருந்தனர். அவர்களும் புன்னகைத்துத் தலையசைத்தனர். தம் மண்ணில், தம் மொழியில், எல்லாராலும் அன்போடு விலக்கப்படும் தனிமை எத்தகையதென்று அவ்வேளையில் அவர் அறிந்தார். வசையாவது கிடைத்தால் பற்றிக்கொள்ளலாம். புன்னகையில் பிடிமானம் ஏது?

கடைசி வீட்டில் இருந்தவள் பாஞ்சாலை. பள்ளியில் ஒரே பலகையில் அமர்ந்தவர்கள் இருவரும். அவர் மலையிறங்கிய ஆண்டிலேயே அவள் கொழுந்துக்கூடையை முதுகில் ஏற்றினாள். வேலை முடிந்து வந்தவள், வாசற்குழாயடியில் சேறு படிந்த நெடுங்காலணிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துப் படத்தை வாங்கினாள். பாராட்டவில்லை. அவளுடைய விரல் வாயிலில் தொடங்கி, முதல் தளத்தைக் கடந்து, இரண்டாவதில் இறங்கி, மூன்றாவதில் நின்று இளைப்பாறி, மெல்ல மெல்ல ஏழாவதை அடைந்தது. பிறகு வந்த வழியே மேலேறியது.

"சமையக்கட்டு எங்க வச்சிருக்க, மாறா?"

"கீழ, கடைசித் தளத்துல. தண்ணி அங்கதான் வரும்."

"பந்தி?"

"மேல."

அவள் படத்தை மடியில் வைத்துக்கொண்டு அவரை நேராய்ப் பார்த்தாள். "நான் கையெழுத்துப் போடமாட்டேன். ஒருத்தனும் போடமாட்டான், ஆனா ஒன்கிட்ட சொல்லமாட்டானுங்க. நாப்பத்துமூணு வருசமா முதுகுல மூட்டையோட ஏறி எறங்குறேன். ரெண்டு முட்டியும் போச்சு. கல்யாண வீட்டுக்குப் போயும் நான் மலை ஏறணுமா?"



"அப்ப அவங்க படமே போதுமா?" என்று மெல்லக் கேட்டார் திருமாறன்.

"அந்த ஒட்டுக்கட்டை செவுரா? அதப் பாத்தா எனக்கும் சிரிப்புத்தான் வருது. ஒன் கூரை எனக்குப் புடிச்சிருக்கு, அந்த வெளிச்சமும் புடிச்சிருக்கு. தரைதான் வேணாம். நீ மலையப் பாத்துப் போட்டுட்ட, எங்களப் பாக்கல. ஒரு படி கூட இல்லாம, அகலமா, நேரா ஒரு தரை போடு. அதுக்கு நான் போடுறேன், முப்பது வீட்டுலயும் நானே வாங்கித் தர்றேன்."

ஐந்து மணிக்கு இன்னும் ஐம்பது நிமிடங்களே இருந்தன. அதற்குள் அப்படி ஒரு தரையை வரைய இயலாதென்பதை அவர் அறிவார். அவர் கடிகாரத்தை நோக்கியதைக் கண்டு அவளும் அறிந்தாள். வாசகரே, கட்டடத்தில் துணிவு வேண்டுமென்று மூன்றாண்டுகள் முழங்கியவருக்கு, ஒருவர் முன் அமர்ந்து 'உனக்கு என்ன வேண்டும்' என்று கேட்கும் சிறு துணிவு வாய்க்காமற் போயிற்று. கல்லும் சுதையும் பேச வேண்டுமாயின் முதலில் மாந்தர் பேச வேண்டும் போலும். எனினும், எழும்பாத அம்மண்டபத்துள் ஓர் உயிர் நுழைந்து, நோகும் முட்டிகளோடு கடைசித் தளம்வரை இறங்கி, மீண்டும் ஏறிவந்து, வேண்டாம் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிற்று. பனி சூழ்ந்த அம்மலைமேல், நெடுநாட்களுக்குப்பின், திருமாறனோடு ஒருவர் பேசினார்.